ஐரோப்பாவின் ஆடையற்ற வாழ்வியல்: புரிந்துகொள்ளவும் சென்றுவரவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ வேலைக்கும் படிப்புக்கும் குடியேறும் தமிழர்கள், பலர் கூடி ஆடையின்றி இருக்கும் இந்த வழக்கத்தைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை; பெரும்பாலும் அதுவே அவர்கள் எதிரே வந்து நிற்கிறது. உடற்பயிற்சிக் கூடத்தில் உறுப்பினராகச் சேர்ந்த சில நாட்களிலேயே, அங்குள்ள சானா எனும் வெப்பக் குளியல் அறையின் கதவில் நீச்சல் உடையின் மேல் குறுக்குக்கோடு போட்ட ஒரு படம் கண்ணில் படும். ஆண்களும் பெண்களும் அதே கதவின் வழியாகத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்வருவார்கள். கோடையில் பால்டிக் கடற்கரையோரம் நடந்தால் ஒரு பலகையைத் தாண்டியதும் காட்சி மாறிவிடும். முனிச் நகரின் நடுவே இருக்கும் ஆங்கிலேயத் தோட்டத்தின் ஒரு புல்வெளியிலும் இதே நிலைதான். இதைக் கண்டு கூசிப்போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. தவறாகப் புரிந்துகொண்டு அசட்டுத்தனமாக நடந்து வெளியேற்றப்படுகிறவர்களும் உண்டு. இரண்டையும் தவிர்க்க விரும்பும் வயதுவந்த வாசகருக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நேரில் செல்லும் எண்ணமே இல்லாதவர்களும் முதல் மூன்று படிகளை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

முதல் படி: எது இது, எது இதுவல்ல

இந்த வாழ்வியலைக் கடைப்பிடிப்பவர்களை ‘நேச்சுரிஸ்டுகள்’ என்பார்கள். பல நாடுகளின் சங்கங்களை ஒன்றிணைக்கும் சர்வதேச நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பு, 1953-இல் பிரான்சின் மொந்தலிவே என்ற கடற்கரை ஊரில் தொடங்கப்பட்டது. 1974-இல் தென் பிரான்சின் ஆக்த் நகரில் கூடிய அதன் மாநாடு ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. இயற்கையோடு இயைந்து வாழும் முறை, பலர் சேர்ந்து ஆடையின்றி இருத்தல் என்ற பழக்கம், தன்னையும் பிறரையும் சுற்றுச்சூழலையும் மதிப்பதை வளர்க்கும் நோக்கம் என்ற மூன்றும் அதில் உள்ளன. இந்த மூன்றில் நடுவில் இருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுவதுதான் வெளியார் வழக்கமாகச் செய்யும் பிழை.

காம நோக்கம் இதில் இல்லை என்பதைச் சங்கங்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்துகின்றன. அது வெறும் பேச்சும் அல்ல. பாலியல் நடத்தைக்காக ஒருவரை அன்றே வெளியேற்றி, உறுப்பினர் அட்டையையும் பறிக்கும் விதி ஏறத்தாழ எல்லா இடங்களிலும் உண்டு. நம் ஊரில் திகம்பர சமண முனிவர்களின் ஆடையின்மையை அறிந்தவர்கள் இதை அதனோடு சேர்த்து எண்ணுவதும் பொருந்தாது. அங்கே அது துறவின் உச்சம். இங்கேயோ குடும்பமும் சம்பளமும் கோடை விடுமுறையும் உள்ள மனிதர்கள், மாலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. ஜெர்மனியில் இந்த மரபுக்கு எஃப்.கே.கே. என்ற சுருக்கப்பெயர் வழங்குகிறது. ‘சுதந்திர உடல் பண்பாடு’ என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் நெடுஞ்சாலையோரம் ‘எஃப்.கே.கே. கிளப்’, ‘சானா கிளப்’ என்று ஒளிரும் பலகைகள் பெரும்பாலும் பாலியல் தொழில் நடக்கும் விடுதிகளைச் சேர்ந்தவை. உண்மையான சங்கம் ‘ஃபெரைன்’ என்று பதிவுபெற்ற அமைப்பாக, ஆண்டுச் சந்தாவும் பொதுக்குழுவும் உள்ளதாக இருக்கும். அதன் வாசலில் வண்ண விளக்குகள் இருக்காது.

இரண்டாம் படி: எங்கிருந்து வந்தது

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலக்கரிப் புகையும் நெருக்கடியான வாடகைக் குடியிருப்புகளும் காசநோயும் ஜெர்மானிய நகரங்களை அழுத்தியபோது, ‘வாழ்க்கைச் சீர்திருத்தம்’ என்ற பெயரில் பல இயக்கங்கள் கிளம்பின. மரக்கறி உணவு, மது மறுப்பு, இயற்கை மருத்துவம், இறுக்கமான ஆடைகளுக்கு எதிர்ப்பு ஆகியவற்றோடு காற்றும் வெயிலும் தோலில் நேரடியாகப் பட வேண்டும் என்ற கொள்கையும் அப்போது பரவியது. அதற்கும் முன்பே, 1850-களில், ஆர்னோல்ட் ரிக்லி என்ற சுவிஸ் நாட்டவர் இன்றைய ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரிக்கரையில் வெயில் குளியல், காற்றுக் குளியல் சிகிச்சைகளை நடத்தத் தொடங்கியிருந்தார். காசநோய்க்கு வேறு மருந்து இல்லாத காலத்தில் இதை வெறும் கிறுக்குத்தனம் என்று ஒதுக்க மருத்துவர்களாலும் முடியவில்லை. 1898-இல் எஸ்ஸென் நகரில் முதல் சங்கம் உருவானதாகக் கருதப்படுகிறது. 1900-இல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனா ஊருக்கு மேலே உள்ள குன்றில், மோன்தே வெரித்தா என்ற கூட்டுக்குடியிருப்பு எழுந்தது. மரக்குடில்களில் தங்கி, வெயிலில் ஆடையின்றித் தோட்ட வேலை செய்து, புலால் உண்ணாமல் வாழ முயன்ற கலைஞர்களும் சிந்தனையாளர்களும் அங்கே கூடினார்கள்.

இந்த வரிசையில் இந்தியாவுக்கும் ஒரு சிறிய இடம் உண்டு. 1891-இல் பம்பாய் மாகாணத்தின் தானே நகரில், மாவட்ட நீதிபதியாக இருந்த சார்ல்ஸ் கிராஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் மூன்றே உறுப்பினர்களைக் கொண்டு ஆடையற்றோர் கழகம் ஒன்றைத் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் கழகம் என்பதால், சுற்றியிருந்த இந்தியர்களுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

இயக்கத்தின் கறை படிந்த பக்கத்தை அதன் ஆதரவாளர்கள் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தொடக்ககால எழுத்தாளர்களில் முக்கியமான ஹைன்ரிஷ் பூதோர், ரிசார்ட் உங்கெவிட்டர் ஆகிய இருவரும் வெளிப்படையான யூத வெறுப்பாளர்கள். ஆடையில்லாத உடலை ‘இனத் தூய்மை’யின் அளவுகோலாக அவர்கள் பார்த்தார்கள். அதற்கு நேர் எதிரே, பெர்லினில் அடோல்ஃப் கோஹ் என்ற சோசலிச ஆசிரியர் தொழிலாளர் குடும்பங்களுக்காக உடற்பயிற்சிப் பள்ளிகளை நடத்தினார். 1929-இல் ஒரு சர்வதேச மாநாடும் அவரது முயற்சியால் பெர்லினில் நடந்தது. 1933 மார்ச்சில் நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் வெளியிட்ட ஆணை இந்த இயக்கத்தை ஒழுக்கக் கேடு என்று கண்டித்தது. கோஹ் நடத்திய பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் நாஜிக் கொள்கைக்கு இசைந்து போன சங்கங்கள் வேறு பெயரில் பிழைத்துக்கொண்டன. ஆடையைக் களைந்தால் வேற்றுமையும் தானாகக் களைந்துபோகும் என்று சொல்கிறவர்கள் இந்த வரலாற்றை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதை இரண்டாகப் பிரிகிறது. மேற்கில் அது சங்கங்களாகவும் விடுமுறைக் குடியிருப்புகளாகவும் வளர்ந்தது. 1950-இல் அல்பேர் லெகொக், கிறிஸ்தீன் லெகொக் தம்பதியர் மொந்தலிவேயின் பைன் மரக் காட்டில் அமைத்த விடுமுறை மையம் பின்வந்த பலவற்றுக்கு முன்மாதிரியானது. யூகோஸ்லாவியாவும் அந்நியச் செலாவணியை எண்ணி 1961-இல் இன்றைய குரோஷியாவின் வர்சார் அருகே கோவெர்சாதாவைத் திறந்தது. கிழக்கு ஜெர்மனியில் நடந்தது இன்னும் சுவையானது. 1954-இல் பால்டிக் கரையில் ஆடையின்றிக் குளிப்பதை அரசு தடைசெய்ய முயன்றது. எதிர்ப்பு ஓயாததால், 1956-இல் குறிக்கப்பட்ட இடங்களில் அதை அனுமதிக்கும் ஆணை வந்தது. தனிச் சங்கங்களுக்கு அங்கே இடமில்லாததால், அது சிலருடைய கொள்கையாக இல்லாமல், மருத்துவரும் லாரி ஓட்டுநரும் குடும்பத்தோடு கடைப்பிடிக்கும் சாதாரண விடுமுறை வழக்கமாகவே மாறிப்போனது. 1990-இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு மேற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் முகம் சுளித்ததில் அந்தக் கரைகள் சில சுருங்கின. சுதந்திர உலகம் என்று தன்னை அழைத்துக்கொண்ட பக்கத்தில் இருந்துதான் ஆடை திரும்பி வந்தது.

மூன்றாம் படி: தத்துவத்தின் உள்ளடக்கம்

கொள்கையைச் சுருக்கினால் மூன்று இழைகள் தெரியும். முதலாவது உடல்நலம். வெயில், காற்று, குளிர்ந்த நீர், உடற்பயிற்சி என்று தொடங்கிய இது, தோல் புற்றுநோய் பற்றிய அறிவு வளர்ந்த பின் வலுவிழந்துவிட்டது. இன்றைய நேச்சுரிஸ்டுகள் நண்பகல் வெயிலில் நிழலைத் தேடுகிறவர்கள்.

இரண்டாவது சமத்துவம். உடுப்பும் கைக்கடிகாரமும் இல்லாத இடத்தில் மேலாளர் யார், கடைநிலை ஊழியர் யார் என்று பார்த்தவுடன் தெரியாது. ஜெர்மானியச் சங்கங்களில் ‘நீங்கள்’ என்ற மரியாதை விளிப்பை விட்டு, முதல் பெயரும் ‘நீ’யும் இயல்பாகப் புழங்குவது இதன் வெளிப்பாடு. ஆனால் சந்தா கட்டவும் காரில் வந்துபோகவும் வசதி உள்ளவர்களே உறுப்பினர்களாக இருப்பதால், இந்தச் சமத்துவம் வேலிக்குள் மட்டும் செல்லுபடியாகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், அவர்களிலும் நடுவயதைக் கடந்தவர்கள் மிகுதி என்பதையும் புதியவர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

மூன்றாவது இழைதான் எனக்கு மிக வலுவானதாகத் தோன்றுகிறது. உடலைப் பற்றிய அவமானத்தைப் போக்குவதே அது. விளம்பரங்களில் வரும் உடல்களை மட்டுமே ஆடை குறைந்த நிலையில் பார்த்து வளர்ந்த ஒருவர், அறுவைச் சிகிச்சைத் தழும்பு, பிரசவ வரிகள், தொங்கும் வயிறு, மூப்பு ஆகியவற்றோடு நிம்மதியாகப் பந்து விளையாடும் நூறு பேரைப் பார்க்கும்போது, அளவுகோல் மாறிவிடுகிறது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கியோன் வெஸ்ட், 849 பிரிட்டிஷ் மக்களிடம் நடத்திய ஆய்வில், இத்தகைய செயல்களில் அதிகம் பங்கேற்றவர்களிடம் தம் உடல் மீதான நிறைவும் அதன் வழியாக வாழ்க்கை நிறைவும் கூடுதலாக இருந்ததைக் கண்டார். ஏற்கெனவே தம் உடலோடு சமாதானமாக இருப்பவர்களே இங்கு வருகிறார்களோ என்ற கேள்வி எழுவது நியாயம். அதனால் அவர் நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்றவர்களை முன்னும் பின்னும் அளந்து பார்த்தார், அதிலும் முன்னேற்றம் தெரிந்தது.

நான்காம் படி: சட்டத்தைச் சரிபார்த்தல்

ஐரோப்பா முழுமைக்கும் ஒரே சட்டம் இல்லை. ஜெர்மனியில் ஆடையின்மை தன்னளவில் குற்றம் அல்ல. ஆனால் பொதுமக்களுக்குத் தொந்தரவு என்று கருதப்பட்டால் ஒழுங்குமீறலுக்கான அபராதம் வரலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 2003-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டப்படி, பிறரை அச்சுறுத்தும் அல்லது மனம் நோகச் செய்யும் நோக்கம் இருந்தால்தான் உடலைக் காட்டுவது அந்தக் குற்றமாகும். பிரான்சில் பொதுப் பார்வைக்கு எட்டும் இடத்தில் பாலியல் வெளிப்பாடு செய்தால் ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகலாம் என்பதால், குறிக்கப்பட்ட கரைகளுக்கும் வேலியிட்ட மையங்களுக்கும் உள்ளேயே இருப்பதுதான் பாதுகாப்பு. நெதர்லாந்தில் உள்ளாட்சிகள் இடங்களைக் குறிக்கின்றன. 1973-இல் கலன்ட்ஸோக் அங்கே முதல் அதிகாரபூர்வக் கரையானது. ஸ்பெயினில் தேசிய அளவில் தடை இல்லை என்றாலும், பார்செலோனா மாநகராட்சி 2011-இல் தெருவில் ஆடையின்றி நடப்பதற்கு அபராதம் விதித்தது.

மலைநடையில் ஆசை உள்ளவர்கள் சுவிட்சர்லாந்தின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தை மறக்கக் கூடாது. ஆடையற்ற நடைப்பயணிகளால் எரிச்சலடைந்த அந்த மாநிலம் 2009-இல் வெட்டவெளி மக்கள் சபையில் கைதூக்கி வாக்களித்துத் தடை கொண்டுவந்தது. சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றமும் 2011-இல் அத்தகைய அபராதம் செல்லும் என்றது. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையிலோ 2010-இல் இதற்கென்றே ஒரு பாதை திறக்கப்பட்டது. ஆடையில்லாதவர்களைப் பார்க்க விருப்பமில்லாதவர் மேலே செல்ல வேண்டாம் என்ற பொருளில் அங்கே ஒரு பலகை நிற்கிறது. சட்டத்தின் வேலையை அந்தப் பலகையே செய்துவிடுகிறது.

ஐந்தாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

தனியாக முதன்முறை செல்பவருக்கு என் பரிந்துரை சானாதான். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நகராட்சிக் குளியல் கூடங்களிலேயே அது உண்டு. இரண்டு மணி நேரத்துக்குச் சீட்டு வாங்கி, பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம். பல கூடங்களில் வாரத்தில் ஒரு நாள் பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். தயங்கும் பெண்கள் அந்த நாளில் தொடங்குவது எளிது.

அடுத்தது கடற்கரையும் ஏரிக்கரையும். வார்னெமுண்டே, ப்ரெரோவ் போன்ற பால்டிக் கரைகளிலும் வியன்னாவின் லோபாவ் பகுதியிலும் ஆடையுள்ளோர், ஆடையற்றோர் பகுதிகள் பலகையால் பிரிக்கப்பட்டிருக்கும். பாரிஸில் வென்சென் காட்டுப் பூங்காவுக்குள் 2017-இல் ஒரு புல்வெளி ஒதுக்கப்பட்டது.

விடுமுறைக் குடியிருப்புகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. மொந்தலிவேயில் பைன் மரங்களுக்கிடையே உள்ள மரவீடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பங்கள் இருக்கின்றன. ரொட்டி வாங்கச் சைக்கிளில் போவார்கள், மாலையில் பெத்தாங்க் குண்டு உருட்டுவார்கள். மத்தியதரைக் கடலில் உள்ள லெவான் தீவின் எலியோபொலிஸ் கிராமம், துர்வில் என்ற மருத்துவச் சகோதரர்களால் 1931-இல் தொடங்கப்பட்டது. அங்கேகூடத் துறைமுகத்திலும் ஊர் நடுவிலும் சிறு மறைப்பு அணிய வேண்டும். தென் பிரான்சின் காப் தாக்த் மிகப் பெரியது, மிகப் புகழ்பெற்றது. முதல் பயணத்துக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இணை மாற்றும் கூட்டத்தார் அங்கே காலூன்றியபின் பழைய நேச்சுரிஸ்டுகளுக்கும் அவர்களுக்கும் இடையே நீண்ட கசப்பு நிலவுகிறது. குடும்பத்தோடு போகிறவர்கள் வேறு இடம் பார்ப்பதே நல்லது.

முன்பதிவின்போது ஆண்கள் ஓர் எதிர்பாராத தடையைச் சந்திக்கலாம். தனியாக வரும் ஆண்களைச் சில மையங்கள் ஏற்பதில்லை, அல்லது கூட்டமைப்பின் உறுப்பினர் அட்டையைக் கேட்கும். இதில் நிறம், நாடு பார்க்கப்படுகிறதா என்று நம்மவர்களுக்குச் சந்தேகம் எழலாம். விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உரிமை. ஆண் பெண் விகிதம் சாய்ந்துவிடாமல் காக்கவே பெரும்பாலும் அந்த விதி வைக்கப்படுகிறது.

ஆறாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

இரண்டு துண்டுகள் கட்டாயம். ஒன்று உட்காரவும் படுக்கவும், இன்னொன்று துவட்டவும். ரப்பர் செருப்பு, குளித்தபின் போர்த்திக்கொள்ளும் அங்கி, தண்ணீர் ஆகியவையும் வேண்டும். கறுப்பு, மாநிறத் தோல் வெயிலில் வெந்துபோகாது என்ற நம்பிக்கை தவறு. வழக்கமாகத் துணிக்குள் இருக்கும் பகுதி எந்த நிறத்தவருக்கும் முதல் நாளிலேயே வெந்து எரியலாம், ஆகவே வெயில் களிம்பை அங்கே தாராளமாகப் பூச வேண்டும். புல்வெளியும் காடும் உள்ள இடங்களில் உண்ணி கடிக்கும். தென் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் உண்ணி வழியாக மூளைக்காய்ச்சல் பரவுவதால் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். மாலையில் உடம்பு முழுவதையும் ஒருமுறை தடவிப் பார்ப்பது அங்கே எல்லோரும் செய்யும் வேலைதான்.

ஏழாம் படி: உள்ளே நடந்துகொள்ளும் முறை

சானாவில் வரிசை இப்படி. உடை மாற்றும் அறையில் எல்லாவற்றையும் கழற்றிப் பெட்டியில் பூட்டி, சோப்புப் போட்டுக் குளித்து, ஈரத்தைத் துடைத்துவிட்டுத்தான் மர அறைக்குள் போக வேண்டும். செருப்பு வாசலிலேயே இருக்கும். பெரிய துண்டைப் பலகையில் நீளமாக விரித்து, பாதமும் அதன்மேல் வரும்படி உட்கார வேண்டும். ஒரு சொட்டு வியர்வைகூட மரத்தில் படக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. இதை மீறினால் பக்கத்திலிருக்கும் முதியவர் ஒருவர் தயங்காமல் சொல்லிவிடுவார்; ஆடையில்லாதது அவருக்குப் பொருட்டல்ல, துண்டில்லாததே குற்றம். வெப்பம் 80 முதல் 100 டிகிரி வரை இருப்பதால் புதியவர் கீழ்ப்பலகையில் எட்டுப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குறித்த நேரத்தில் பணியாளர் வந்து சுடுகற்களின்மேல் மணமூட்டிய நீரை ஊற்றி, துண்டை விசிறிச் சூட்டைப் பரப்புவார். அது நடக்கும்போது கதவைத் திறந்து நுழைவது பெரும் அநாகரிகம், தாங்காவிட்டால் வெளியேறலாம். பின்பு குளிர்நீர், அங்கி, ஓய்வு. உணவுக்கூடத்துக்கு அங்கியோடுதான் போக வேண்டும்.

கடற்கரையிலும் குடியிருப்பிலும் பிறருடைய இடத்திலிருந்து சில அடி தள்ளித் துண்டை விரிப்பது, கேட்காமல் அருகே போய் உட்காராதது, பேசும்போது முகத்தைப் பார்ப்பது ஆகிய பொது மரியாதைகளே போதும். கண் தற்செயலாக எங்கும் படும். அதில் தவறில்லை, நிலைத்து நிற்பதுதான் தவறு. கைப்பேசியைப் பைக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். பிறர் படத்தில் விழும்படி, அதிலும் குழந்தைகள் இருக்கும் பக்கம் கேமராவைத் தூக்குவது வெளியேற்றத்துக்கும் காவல்துறை வருவதற்கும் போதுமான காரணம். உறவினருக்குச் செய்தி அனுப்பக்கூடக் கைப்பேசியோடு வெளியே போய்விடுவது நல்லது.

ஆண்களைப் பெரிதும் வாட்டும் அச்சம் ஒன்று உண்டு: உடல் தன் விருப்பப்படி எதிர்வினை காட்டிவிட்டால் என்ன செய்வது? புதிய இடத்தின் பதற்றத்தில் அது அரிதாகவே நடக்கும். நடந்தால் குப்புறப் படுப்பது, துண்டைப் போட்டுக்கொள்வது அல்லது தண்ணீருக்குள் இறங்குவது வழக்கம்; அதைப் பற்றி எவரும் பேச்செடுப்பதில்லை. பெண்கள் மாதவிலக்கு நாட்களில் கீழாடை அணிவதை மையங்கள் பொதுவாகத் தடுப்பதில்லை. குளிர் அடித்தால் எல்லோருமே உடுத்துவார்கள். நீச்சல்குளத்தில் மட்டும் ஆடை கூடாது என்ற விதி கண்டிப்பாக இருக்கும்.

எட்டாம் படி: சங்கத்தில் சேர விரும்பினால்

ஓரிரு வருகைக்குப் பிறகும் ஆர்வம் குறையாதவர்கள் உள்ளூர்ச் சங்கத்துக்கு எழுதிக் கேட்கலாம். ஜெர்மனியில் 1949-இல் தொடங்கிய தேசிய ஒன்றியமும் பிரான்சில் 1950-இல் தொடங்கிய கூட்டமைப்பும் பிரிட்டனில் தனி அமைப்பும் தம் உறுப்புச் சங்கங்களை வெளிப்படையாக வெளியிடுகின்றன. முதலில் ஒரு நேர்முகச் சந்திப்பு, பின் சில சோதனை நாட்கள் அல்லது சோதனைப் பருவம், அதன்பின் பொதுக்குழுவின் ஒப்புதல் என்பது வழக்கமான ஒழுங்கு. தம்பதியரில் ஒருவர் மட்டும் சேர விரும்பினால் மற்றவரின் சம்மதத்தைச் சில சங்கங்கள் கேட்கும். இளையவர்கள் குறைந்து வருவதால் இந்நாளில் புதியவரை வரவேற்கும் ஆர்வம் பெரும்பாலான இடங்களில் தெரிகிறது.

உள்ளே போனால் கைப்பந்து, நீச்சல், பிரிட்டனில் 1930-களில் உருவான மினிட்டென் என்ற ஆட்டம் ஆகியவை காத்திருக்கும். கையில் மாட்டிக்கொள்ளும் மரப்பெட்டி போன்ற மட்டையால் பந்தைத் தட்டும் டென்னிஸ் வகை அது. ஆரம்பகாலச் சங்கங்கள் பலவற்றில் இருந்த மது, புகை, புலால் தடைகள் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஞாயிறு மாலையில் தொத்திறைச்சி சுடும் புகை மைதானத்தில் பரவுவதைக் கண்டால் பழைய சீர்திருத்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ.

சந்தாவைத் தவிர, ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று உடலுழைப்பும் எழுத்தில் கேட்பார்கள். செய்யாதவர் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். ஆகவே புதிய உறுப்பினருக்குச் சங்கத்தில் கிடைக்கும் முதல் அழைப்பு பெரும்பாலும் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் சருகு கூட்டவும் வேலிக்கு வர்ணம் பூசவும் வரும். அன்றைய குளிரில் எல்லோரும் கம்பளிச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டு நிற்பார்கள் என்பதால், அதற்குத் தகுந்த உடையோடு போக வேண்டும்.